புரொப்பேனுக்கு வாடை எங்கிருந்து வருகிறது?

கேஸ் கசிந்தால் வரும் அந்த வாடை எல்லோருக்கும் தெரியும். அழுகிய முட்டைக்கோஸ், பழைய வெங்காயம், பூண்டு என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். ஆனால் அது கேஸின் வாடையே இல்லை. சமையல் சிலிண்டர்களில் அடைக்கும் வாயுக்களில் ஒன்றான புரொப்பேனுக்கு நிறம் கிடையாது. சொல்லிக்கொள்ளும்படி வாடையும் கிடையாது. சுத்தமான புரொப்பேன் ஒரு அறையில் நிறைந்துகொண்டே வந்தாலும் மூக்குக்குத் தெரியப் போவதில்லை. நாம் முகர்ந்து பார்த்து முகம் சுளிப்பது, அதில் வேண்டுமென்றே கலந்து வைத்திருக்கும் இன்னொரு பொருளை. பெரும்பாலான இடங்களில் அது எத்தில் மெர்காப்டன் என்ற கந்தகச் சேர்மம்.

இதை ஏன் கலக்கிறார்கள், எவ்வளவு கலக்கிறார்கள், எப்போது இது கைவிடும் என்பதைப் பார்க்கலாம். கடைசிக் கேள்வியைப் பற்றித்தான் பலர் யோசிப்பதில்லை.

வாடை இல்லாவிட்டால் என்ன ஆகும்?

புரொப்பேன் சாதாரண அழுத்தத்தில் மைனஸ் 42 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். அதனால் அதை அழுத்தம் கொடுத்து, திரவமாக்கி, சிலிண்டரில் அடைக்கிறார்கள். வெளியே வந்தால் உடனே ஆவிதான். ஒரு லிட்டர் திரவம் ஏறக்குறைய 270 லிட்டர் வாயுவாக விரியும்.

காற்றில் புரொப்பேன் 2.1 சதவீதத்திலிருந்து 9.5 சதவீதம் வரை இருந்தால் தீப்பொறி பட்டதும் பற்றிக்கொள்ளும். அதற்குக் குறைவாக இருந்தால் எரிய எரிபொருள் போதாது. அதிகமாக இருந்தால் ஆக்சிஜன் போதாது. இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு லிட்டர் திரவத்திலிருந்து வரும் 270 லிட்டர் வாயு, 2.1 சதவீதக் கலவையாகப் பரவினால் ஏறக்குறைய 13 கன மீட்டர் காற்றைப் பற்றியெரியும் நிலைக்குக் கொண்டுவந்துவிடும். இரண்டரை மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம், இரண்டரை மீட்டர் உயரமுள்ள சின்ன அறை ஒன்று முழுக்க. ஒரே ஒரு லிட்டருக்கு இந்தக் கதி.

போதாக்குறைக்கு, இது காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம். குழாய் வழியாக வரும் இயற்கை எரிவாயு பெரும்பாலும் மீத்தேன்; அது லேசானது, மேலே போய்விடும். புரொப்பேன் தரையோடு தரையாக நகர்ந்து, பள்ளத்திலும் நிலவறையிலும் சாக்கடையிலும் போய்த் தேங்கும். கசிந்த இடம் ஒன்று, பற்றுகிற இடம் வேறொன்று என்று ஆவது இதனால்தான். கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது என்றால் மனிதனுக்குத் தற்காப்பே இல்லை.

ஒரு பள்ளிக்கூடமும் ஒரு சட்டமும்

வாயுவில் வாடை சேர்க்கும் யோசனை 1880களிலேயே ஜெர்மனியில் தோன்றியது. அந்தக் காலத்தில் விளக்குக்கும் அடுப்புக்கும் பயன்பட்ட நிலக்கரி வாயுவில் இயற்கையாகவே கெட்ட வாடை இருந்ததால் கசிவு தானே தெரிந்துவிடும். வாடையில்லாத வேறு வாயுக்கள் வந்தபோதுதான் சிக்கல் புரிந்தது. புரிந்தும் யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

கட்டாயமாக்கிய சம்பவம் நடந்தது அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், நியூ லண்டன் என்ற ஊரில். 1937 மார்ச் 18. அங்கிருந்த பள்ளிக்கூடம், எண்ணெய் வயல்களில் மிச்சமாகக் கிடைத்த எரிவாயுவைக் குழாய் போட்டு எடுத்துக்கொண்டிருந்தது. அதில் வாடை கிடையாது. கட்டடத்துக்கு அடியில் இருந்த காலி இடத்தில் வாயு கசிந்து தேங்கிக்கொண்டே இருந்தது. மேலே வகுப்புகள் வழக்கம்போல நடந்தன. பள்ளி விடும் நேரம் நெருங்கியபோது, தொழிற்கூடத்தில் ஒரு மின்கருவியை இயக்கியதில் பொறி பறந்தது. கட்டடம் அப்படியே தூக்கி எறியப்பட்டது. ஏறக்குறைய 300 பேர் இறந்தார்கள், பெரும்பாலானோர் குழந்தைகள்.

அது இயற்கை எரிவாயு, புரொப்பேன் இல்லை. ஆனாலும் பாடம் ஒன்றுதான். சில வாரங்களுக்குள் டெக்சஸில் எரிவாயுவுக்கு வாடை சேர்ப்பது சட்டமானது. மற்ற இடங்களும் பின்தொடர்ந்தன. இன்று வீட்டுக்கும் வாகனத்துக்கும் போகும் எல்பிஜியில் (திரவமாக்கிய புரொப்பேன், பியூட்டேன் வாயுக்களில்) வாடை இருக்க வேண்டும் என்பது உலகின் பெரும்பாலான நாடுகளில் விதி.

ஏன் இந்த நாற்றம்தான்?

நல்ல வாசனையாக எதையாவது சேர்த்திருக்கலாமே என்று கேட்கலாம். மல்லிகை மணம் வந்தால் யாரும் பயந்து ஜன்னலைத் திறக்க மாட்டார்கள். இன்னும் கொஞ்சம் முகர்ந்து பார்ப்பார்கள். எச்சரிக்கை என்றால் அருவருப்பாக இருக்க வேண்டும், அதோடு வேறெதனுடைய வாடையோடும் குழம்பிப் போகாமலும் இருக்க வேண்டும். மிகக் குறைந்த அளவிலேயே தெரிய வேண்டும். அந்த அளவில் உடம்புக்குக் கெடுதல் செய்யக் கூடாது. வாயுவோடு சேர்ந்து அதுவும் சுத்தமாக எரிந்துவிட வேண்டும். சிலிண்டரையும் குழாயையும் அரிக்கக் கூடாது. இத்தனை நிபந்தனைக்கும் ஓரளவு ஒத்துவருவது மெர்காப்டன் குடும்பம்.

மனித மூக்கு இந்தக் குடும்பத்தை அபாரமாகப் பிடிக்கும். எத்தில் மெர்காப்டன் காற்றில் நூறு கோடியில் ஒரு பங்கு இருந்தாலே பலருக்குத் தெரிந்துவிடும். சிலருக்கு அதற்கும் குறைவிலேயே. இறைச்சி அழுகும்போது வெளிவரும் பொருள்களில் இதுவும் ஒன்று என்பதால், நமக்கு இதில் இவ்வளவு கூர்மை இருப்பதில் ஆச்சரியமில்லை.

நம்மைவிடக் கில்லாடிகளும் உண்டு. 1930களில் கலிஃபோர்னியாவில் நீண்ட எரிவாயுக் குழாய்களைப் பராமரித்தவர்கள், குழாயில் எங்கே கசிகிறதோ அங்கே பிணந்தின்னிக் கழுகுகள் வட்டமிடுவதைக் கவனித்தார்கள். செத்த விலங்கு கிடக்கிறது என்று நினைத்து அவை வந்து ஏமாந்தன. கசிவு தேடியவர்களுக்கு வேலை மிச்சம். இந்தத் தகவலைப் பிடித்துக்கொண்டுதான் கென்னத் ஸ்டேகர் என்ற பறவையியலாளர், அந்த வகைக் கழுகு வாடையை வைத்தே இரை தேடுகிறது என்பதை ஆராய்ந்து 1964இல் வெளியிட்டார்.

குழாய் வழி வரும் இயற்கை எரிவாயுவுக்கு வழக்கமாக வேறு கந்தகச் சேர்மங்களைச் சேர்க்கிறார்கள். அது தனிக்கதை. புரொப்பேனுக்கு எத்தில் மெர்காப்டன்தான் ராஜா.

எவ்வளவு கலக்கிறார்கள்?

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்ப்பது நல்லது. வாடை என்பது சும்மா குத்துமதிப்பாக ஊற்றிய ஒன்றில்லை. அதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது.

விதி எளிமையானது. காற்றில் பற்றியெரியும் குறைந்தபட்ச அளவில் ஐந்தில் ஒரு பங்கு வாயு சேர்வதற்குள் சாதாரண மூக்குக்கு வாடை தெரிந்துவிட வேண்டும். அமெரிக்காவின் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கம் வெளியிடும் என்எஃப்பிஏ 58 என்ற விதித்தொகுப்பு இதைத்தான் சொல்கிறது. புரொப்பேனுக்குக் குறைந்தபட்ச அளவு 2.1 சதவீதம். அதில் ஐந்தில் ஒன்று என்றால் 0.42 சதவீதம். அதாவது ஆபத்து முழுதாகத் திரள்வதற்கு வெகு முன்னாலேயே மூக்கு கூவ வேண்டும்.

இதற்குப் போதுமானதாக ஏற்கப்பட்ட அளவு, 10,000 அமெரிக்க காலன் திரவப் புரொப்பேனுக்கு ஒரு பவுண்டு எத்தில் மெர்காப்டன். நமக்குப் பழகிய அளவில் சொன்னால் ஆயிரம் லிட்டருக்குச் சுமார் 12 கிராம். பத்துக் கிலோ புரொப்பேனுக்குக் கால் கிராம்கூட முழுதாக இல்லை, சில துளிகள்தான். நடைமுறையில் பலர் இதைப் போல ஒன்றரை மடங்கு சேர்ப்பார்கள்.

சில துளி போதுமா? பார்ப்போம். மூலக்கூறு எண்ணிக்கையில் இது பத்து லட்சத்துக்கு 17 என்று வரும். கசிந்த புரொப்பேன் அறைக் காற்றில் 0.42 சதவீதம் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கூடவே வந்த மெர்காப்டன் நூறு கோடியில் ஏறக்குறைய 70 பங்கு. மூக்குக்குத் தேவை ஒரு பங்கு. ஆக, எச்சரிக்க வேண்டிய எல்லையில் தேவையைப் போல 70 மடங்கு இருக்கிறது. காகிதத்தில் பார்க்க ரொம்பத் தாராளமாகத் தெரியும். ஆனால் இந்தத் தாராளத்தைப் பல விஷயங்கள் வழியிலேயே தின்றுவிடும்.

முதலில், கொதிநிலை. புரொப்பேன் மைனஸ் 42இல் கொதிக்கும். எத்தில் மெர்காப்டன் 35 டிகிரியில். ஒரே சிலிண்டரில் இருந்தாலும் புரொப்பேன் ஓடிவிடத் துடிக்கும், மெர்காப்டன் திரவத்திலேயே தங்கப் பார்க்கும். அதனால் மேலே எடுக்கும் ஆவியில், திரவத்தில் இருக்கும் விகிதத்தைவிடக் குறைவான மெர்காப்டன்தான் வரும். ஐந்தில் ஒரு பங்குதான் வருகிறது என்று வைத்துக்கொண்டாலும் மூக்குக்குத் தேவையானதைப் போல 14 மடங்கு மிஞ்சும். சரி, இதுவரை கவலையில்லை.

இதற்கு ஒரு பக்கவிளைவு உண்டு. புரொப்பேன் தீரத் தீர, மிச்சத் திரவத்தில் மெர்காப்டன் செறிந்துகொண்டே போகும். சிலிண்டர் தீரும் சமயத்தில் வாடை தூக்கலாக அடிப்பது இதனால்தான். அப்போது "கசிகிறதோ" என்ற சந்தேகம் வருவது இயல்பு. "தீரப்போகிறது, அதான் வாடை" என்று தட்டிக்கழிக்காமல், இணைப்புகளில் சோப்புத் தண்ணீரைத் தடவிப் பார்த்துவிடுவதே சரி. குமிழி வந்தால் கசிவு. தீக்குச்சி கிழித்துப் பார்ப்பது எந்தக் காலத்திலும் சோதனை ஆகாது.

கலக்கிறவர்களின் பாடு

வாடைப் பொருளைச் சேர்ப்பது வீட்டுக்கு வரும் சிலிண்டர் அளவில் நடப்பதில்லை. சேமிப்பு முனையத்தில், புரொப்பேனை டேங்கர் லாரியிலோ ரயில் வேகனிலோ ஏற்றும்போது, ஓடும் திரவத்தின் அளவுக்கு ஏற்ப ஒரு பம்ப் மெர்காப்டனைச் செலுத்தும். எவ்வளவு புரொப்பேன் ஏறியது, எவ்வளவு மெர்காப்டன் இறங்கியது என்று இரண்டையும் குறித்து வைப்பார்கள். ஏற்றி முடித்ததும் மாதிரி எடுத்து, நிறம் மாறும் கண்ணாடிக் குழாய் கொண்டு அளவு பார்ப்பதும் உண்டு. முகர்ந்து பார்ப்பதும் உண்டு. பம்ப் நின்றுபோய் யாரும் கவனிக்காமல் விட்டால், ஒரு டேங்கர் முழுக்க வாடையில்லாத புரொப்பேன் ஊருக்குள் போய்விடும். அதனால்தான் ஒரு சோதனையோடு நிறுத்துவதில்லை.

கலப்பதற்கு முன் அந்த மெர்காப்டன் சாமானியப் பொருளில்லை. 35 டிகிரியில் கொதிக்கும் என்றால், வெயில் நாளில் திறந்து வைத்த பாத்திரத்திலேயே கொதித்துவிடும். உறைகுளிரிலும் தீப்பற்றும் ஆவி விடும். ஆகவே மூடிய குழாய் அமைப்பில்தான் கையாள்வார்கள். கொஞ்சம் சிந்திவிட்டால் காற்று போகும் திசையெல்லாம் "கேஸ் கசிகிறது" என்று தீயணைப்பு நிலையத்துக்கு அழைப்புகள் குவியும். எங்கும் கசிவு இருக்காது. சிந்தியதன் வாடையை அடக்க நீர்த்த பிளீச்சிங் கரைசலைப் பயன்படுத்துவார்கள். அது மெர்காப்டனை ஆக்சிஜனேற்றி வாடை குறைந்த பொருளாக்கும். செறிந்த பிளீச்சைச் சுத்தமான மெர்காப்டன் மேல் நேரடியாகக் கொட்டினால் வேகமாக வினைபுரிந்து வேறு விபரீதம் ஆகலாம். பயிற்சி இல்லாதவர் கை வைக்கும் வேலையில்லை இது.

நம் அடுப்புக்கு வரும் அளவைப் பற்றிப் பயப்படத் தேவையில்லை. எரியும்போது மெர்காப்டன் கார்பன் டையாக்சைடு, நீராவி, துளி கந்தக டையாக்சைடு என்று மாறிவிடும். பத்துக் கிலோ புரொப்பேன் முழுக்க எரிந்தாலும் அதில் சேர்த்த மெர்காப்டனிலிருந்து வரும் கந்தக டையாக்சைடு கால் கிராம் அளவுதான்.

வாடை மங்கும் இடங்கள்

மெர்காப்டனுக்கு ஒரு பலவீனம்: துரு. இரும்புத் துருவின் மேல் பட்டால் இரண்டு மெர்காப்டன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று சேர்ந்து டைசல்ஃபைடு ஆகிவிடும். அதற்கும் வாடை உண்டு; ஆனால் மெர்காப்டன் அளவுக்கு மூக்கில் ஏறாது. ஆக, புரொப்பேன் அப்படியே இருக்கும், வாடை மட்டும் கரைந்துகொண்டே போகும்.

இது அதிகமாக நடப்பது பழைய சிலிண்டரில்தான் என்று தோன்றும். உண்மையில் கவனிக்க வேண்டியது புதிய எஃகுத் தொட்டி. தயாரித்த பிறகு உள்ளே காற்றும் ஈரமும் இருந்தால் மெல்லிய துருப்படலம் உண்டாகியிருக்கும். அதோடு புதிய எஃகுப் பரப்பே மெர்காப்டனைத் தன் மேல் ஒட்டவைத்துக்கொள்ளும். பலமுறை நிரப்பிப் பழகிய தொட்டியில் இந்த இழப்பு குறைவு. ஆகவே புதிய தொட்டியை முதலில் காற்றும் ஈரமும் போக வாயுவால் கழுவி, அரைகுறையாக நிரப்பாமல் நன்றாக நிரப்பி, சில நாள் கழித்து வாடையை மறுபடி சோதிக்கச் சொல்வார்கள். காலி சிலிண்டரின் வால்வையும் மூடியே வைக்க வேண்டும் என்பதற்கும் இதுவே ஒரு காரணம். திறந்து கிடந்தால் ஈரக்காற்று உள்ளே போகும், துரு பிடிக்கும், அடுத்த முறை நிரப்பும் வாயுவின் வாடை அடிபடும்.

இன்னொரு திருடன் மண். நிலத்துக்கு அடியில் போகும் குழாய் கசிந்தால் வாயு மண்ணுக்குள் ஊர்ந்துதான் வெளியே வர வேண்டும். சில வகை மண், குறிப்பாகக் களிமண், வழியிலேயே மெர்காப்டனை உறிஞ்சிக்கொள்ளும். வடிகட்டியில் டீத்தூள் நின்றுவிடுகிற மாதிரி வாடை மண்ணில் நிற்க, வாயு மட்டும் சுவரையும் தரை விரிசலையும் தாண்டி நிலவறைக்குள் வந்து சேரும். கான்கிரீட், செங்கல், மரம், துணி ஆகியவையும் கொஞ்சம் கொஞ்சம் உறிஞ்சும்.

அப்புறம் மூக்கு. இந்த எச்சரிக்கை ஏற்பாட்டில் இதுதான் மிகவும் நம்பத்தகாத பாகம் என்பேன். ஒரே வாடையில் சில நிமிடம் இருந்தால் மூக்கு சோர்ந்து, அதைப் பொருட்படுத்துவதை நிறுத்திவிடும். "முதலில் லேசாக வாடை வந்தது, அப்புறம் போய்விட்டது" என்று நாம் சொல்கிற கணங்களில், போனது வாடையா நம் உணர்வா என்று நமக்கே தெரியாது. தூங்கும்போது வாடை நம்மை எழுப்பும் என்று நம்ப முடியாது. வயது ஏற ஏற முகர்திறன் குறையும். சளி, சைனஸ், புகைப்பழக்கம், கோவிட் போன்ற தொற்று எல்லாம் அதைப் பாதிக்கும். மற்ற எல்லாவற்றையும் நன்றாக முகர்கிறவர்களில்கூடச் சிலருக்கு இந்தக் குறிப்பிட்ட வாடை தெரிவதில்லை. சில நாடுகளில் எரிவாயு நிறுவனங்கள், சுரண்டினால் இந்த வாடை வரும் அட்டைகளை வாடிக்கையாளர்களுக்குக் கொடுப்பதுண்டு. வீட்டில் உள்ள ஒவ்வொருவரும், முக்கியமாக முதியவர்கள், முகர்ந்து பார்த்துத் தங்கள் மூக்கைச் சோதித்துக்கொள்ளலாம். நல்ல யோசனை, இன்னும் பரவலாக வந்திருக்க வேண்டும்.

வாடை வந்தால்

சுவிட்சைப் போடக் கூடாது, அணைக்கவும் கூடாது; இரண்டிலுமே பொறி வரும். உள்ளே நின்றுகொண்டு போன் பேச வேண்டாம். தீ எதுவும் இருந்தால் அணைத்து, எளிதில் முடிந்தால் சிலிண்டர் வால்வை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு எல்லோரையும் வெளியே கூட்டிவர வேண்டும். ஜன்னலைவிடக் கதவு முக்கியம், ஏனென்றால் வாயு தரையோடு கிடக்கிறது. நிலவறையிலிருந்து வாடை வந்தால் பார்க்கிறேன் பேர்வழி என்று கீழே இறங்கவே வேண்டாம். அழைப்பெல்லாம் வெளியே தள்ளி வந்த பிறகு. வாடை குறைந்ததாகத் தோன்றினாலும், சரிபார்க்கத் தெரிந்தவர் வந்து பார்க்கும்வரை உள்ளே போகாமல் இருப்பதே நல்லது.

மூக்கை மட்டும் நம்ப முடியாது என்பதால்தான் கசிவு உணரும் கருவிகள் விற்கின்றன. வாங்குகிறவர்கள் பலர் அதை உயரத்தில், புகை உணரும் கருவியின் பக்கத்தில் மாட்டிவிடுகிறார்கள். இயற்கை எரிவாயுவுக்கு அது சரி. புரொப்பேனுக்குத் தரையிலிருந்து ஒரு அடிக்குள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கால் மூழ்கும் அளவுக்கு வாயு தேங்கிய பிறகும் கருவி சும்மா இருக்கும்.

எல்லாப் புரொப்பேனிலும் வாடை இருக்கும் என்றும் நினைத்துவிடக் கூடாது. ஸ்ப்ரே டப்பாக்களில் உந்துவாயுவாகப் போடுவதிலும், ஃபிரிட்ஜிலும் ஏசியிலும் ஆர்-290 என்ற பெயரில் குளிரூட்டியாகப் போடுவதிலும் மெர்காப்டன் சேர்ப்பதில்லை. வாசனைத் திரவியத்தில் அழுகிய வாடை வந்தால் யார் வாங்குவார்கள்? ஆகவே ஆர்-290 ஏசியைப் பழுது பார்ப்பவர், வாடை வரவில்லை என்பதை வைத்துக் கசிவு இல்லை என்று முடிவு செய்ய முடியாது. கையில் உணர்கருவி வேண்டும்.

கடைசியாக ஒன்று. மெர்காப்டன் எரியாத வாயுவை மட்டுமே காட்டிக்கொடுக்கும். அடுப்போ ஹீட்டரோ காற்று போதாமல் எரிந்தால் உண்டாகும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது. எச்சரிக்க வேண்டிய மெர்காப்டனும் அதே தீயில் எரிந்து போயிருக்கும். கார்பன் மோனாக்சைடு காற்றோடு கிட்டத்தட்ட ஒரே கனம் என்பதால் அறை முழுக்கப் பரவும். மூடிய அறையில் புரொப்பேன் ஹீட்டர் வைத்துத் தூங்குபவர்களுக்குக் கசிவு உணரும் கருவி மட்டும் போதாது. கார்பன் மோனாக்சைடுக்கென்று தனியாக ஒரு கருவியும் வேண்டும், காற்று வந்து போக வழியும் வேண்டும்.